ஸ்டியரிங்கை மகளிடம் கொடுங்கள்

கேள்வி: மகள்களுக்கு 27, 24 வயது. இருவரும் வேலையில் இருக்கிறார்கள். நால்வருமாக அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களைக் காரில் சுற்றுவோம், பத்து நாள் லீவு போடுங்கள் என்கிறார்கள். மணலையும் பாறையையும் பார்க்கப் பத்து நாளா? சண்டை போடாமல் திரும்புவோமா?

பதில்: சண்டை வரும். நானும் மனைவியும் எங்கள் இரண்டு மகள்களும் இதேபோல் போனபோது நாலாம் நாள் வந்தது, அதுவும் மணி என்ன என்பதற்காக!

அக்டோபர் மாதம். அரிசோனாவில் பேஜ் என்ற ஊரிலிருந்து மான்யுமென்ட் வேலிக்குப் போகிறோம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தும் வழக்கம் அரிசோனாவில் கிடையாது. அதே மாநிலத்தில் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் பூமியில் உண்டு. அந்தப் பூமிக்கு நடுவே இருக்கும் ஹோப்பி பூமியில் மறுபடி கிடையாது. பெரியவள் போனில் நாலரை, சின்னவள் போனில் ஐந்தரை. ஐந்து மணிக்கு ஜீப் சவாரிக்குப் பதிவு செய்திருந்தோம். அரை மணி முன்னாலேயே வந்துவிட்டோம் என்று பெருமையாக இறங்கினால், ஜீப் போய் அரை மணி ஆகியிருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று நான்கு பேருமே சொன்னோம். ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

மணல் என்றீர்களே, கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் மணல்மேடுகள் கொஞ்சம்தான். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டரில் பார்க்க வேண்டியது உப்பு. விரல் உயரத்துக்கு வரப்பு கட்டினாற்போல, தேன்கூட்டு அறைகள் மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள், கண்ணுக்கெட்டிய வரை. சின்னவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்தாள். பிறகு நிமிர்ந்து, "அப்பா, மேலே பாருங்க" என்றாள். பின்னாலிருந்த மலைச்சுவரில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், 'கடல் மட்டம்' என்று ஒரு சின்னப் பலகை. செருப்பில் ஒட்டிய உப்பு பயணம் முடியும்வரை கார் மிதியடியில் கிடந்தது.

நான் சொல்ல வந்தது வேறு. ஸ்டியரிங்கை மகளிடம் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் முழுக்க நான்தான் ஓட்டினேன், யாருக்கும் நிம்மதியில்லை. மறுநாள் டெத் வேலியை மேலிருந்து பார்க்கும் மலைமுனையான டாண்டேஸ் வியூவுக்கு ஏறும்போது பெரியவள் ஓட்டினாள். 1,669 மீட்டர் உயரம், கடைசியில் செங்குத்தான வளைவுகள். சூட்டு முள் மேலே போகவும், அவள் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட்டாள். அந்த வெயிலில்! கத்தினேன். "என்ஜின் சூடு உள்ளே வந்தாத்தாம்ப்பா அது தப்பிக்கும்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். நால்வரும் வேர்த்து ஊற்றினோம், முள் இறங்கியது. அதன்பின் நான் வாயைத் திறக்கவில்லை. (என் மனைவி இன்னமும் நம்பவில்லை.)

கோடையில் மட்டும் போகாதீர்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் டெத் வேலி. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். பெட்ரோல் பங்கைக் கண்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்புங்கள். பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள்.

பேஜ் பக்கத்தில் இருக்கும் குறுகலான பாறைப் பிளவு ஆன்ட்டலோப் கேன்யன். அதற்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். அவர் மழை என்று சொல்லி ரத்து செய்தால், தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தாலும் வாதாட வேண்டாம். 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து அங்கே 11 பேரைக் கொண்டுபோனது.

வாடகைக்கு வண்டி எடுக்கும்போது பின்சீட்டில் கால் நீட்ட இடமிருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். பத்து நாளும் நீங்கள் இருக்கப்போவது அங்கேதான்.