அலாய் வீலில் பெயிண்ட் உரிகிறதா? காஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள்

கேள்வி: எட்டு வருடம் ஓடிய கார். வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கத்தில். அலாய் வீல்களில் பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டால் சுத்தமாக வந்துவிடும் என்கிறார் நண்பர். பவுடர் கோட்டிங் போடும் கடையில், அடுப்பில் வைத்து எரித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். எது நல்லது? நானே செய்ய முடியுமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். நீங்களே செய்யலாம், பெயிண்ட் காயும் நாட்களைச் சேர்க்காமல் இரண்டு மூன்று நாள் ஒதுக்க வேண்டும்.

நண்பர் சொன்னது இரும்பு ரிம்முக்குப் பொருந்தும். அலுமினியத்தில் காஸ்டிக் சோடா பெயிண்டோடு நிற்காது, உலோகத்தையே தின்னும். கூடவே நுரைத்துக் கிளம்புவது ஹைட்ரஜன், சட்டென்று தீப்பற்றும்.

எரிப்பது அதைவிட மோசம், ஏனென்றால் கெட்டது கண்ணுக்குத் தெரியாது. கார்களின் அலாய் வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்ற அலுமினியம், சிலிக்கான், மெக்னீசியம் கலவையில் வார்க்கப்படுகின்றன. வார்த்தபின் சுமார் 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடியும் 150-170 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்துப் பதம் ஏற்றுவார்கள். வீலின் வலுவே அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. பெயிண்டை எரிக்கும் அடுப்பு 350 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் பதம் இறங்கிவிடும். பதம் இறங்கிய வீல் பளபளவென்றுதான் இருக்கும். வேகமாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கும்போதுதான் வளையும் அல்லது விரிசல் விடும். பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பவுடர் கோட்டிங்கைக் குறை சொல்லவில்லை. அது 180-200 டிகிரியில் சில நிமிடங்கள் வேகும், ஒருமுறை செய்வதில் தவறில்லை. ஆனால் பழைய பெயிண்டை எப்படி எடுக்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்காமல் வீலைக் கொடுக்காதீர்கள்.

முதலில் டயர் கடையில் டயர், வால்வு, பேலன்ஸிங் எடை எல்லாவற்றையும் கழற்றி வாங்குங்கள். பிரேக் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் பெயிண்ட் ரிமூவரைக் கெட்டியாகப் பூசி, பாலித்தீன் ஷீட்டால் மூடி, நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். 15-20 நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் பட்டையால் வழித்து, மிச்சம் இருந்தால் மறுபடியும் பூசுங்கள். இதன் புகை கெடுதல். திறந்த வெளியில், ரசாயனம் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் செய்ய வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, உப்புக்காற்று பட்டதும் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும்.

பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். உங்கள் வீலின் உண்மையான நோய் அதுதான். ஒரு கல் பட்டு பெயிண்ட் திறந்த இடத்தில் உப்பும் ஈரமும் நுழைந்து உள்ளேயே பரவியிருக்கும். 80ஆம் நம்பர் எமரியில் தொடங்கி, வெள்ளைப்பொடி துளியும் இல்லாமல் தேய்த்து, 320 வரை வாருங்கள். மிச்சம் வைத்தால் ஒரே வருடத்தில் புதுப் பெயிண்டும் கொப்புளிக்கும். முகம் மட்டும் கடைசலில் சீவிப் பளபளப்பாக்கிய வீல் என்றால், தேய்த்தால் அந்த வரிகள் போய்விடும். அதைக் கடைசல் வசதி உள்ள கடையில்தான் கொடுக்க வேண்டும்.

வெற்று உலோகத்தை டார்ச் அடித்துப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆரக்கால்களின் அடி, நட் துளைகள், பின்பக்கம் எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால் அந்த வீலை ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம்.

தேய்த்த அன்றே, தின்னரில் துடைத்து, அலுமினியத்தில் பிடிக்கும் எட்ச் பிரைமர் அடியுங்கள். மேலே நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு. ஒவ்வொன்றும் மெல்லிய கோட்டாக, நடுவே 10-15 நிமிடம் விட்டு அடித்தால் வழியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஈரக்காற்றில் கிளியர் மங்கிவிடும். ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலக்கும் 2கே பெயிண்டுக்குச் சாதாரண முகக்கவசம் போதாது. அதற்குரிய கவசம் இல்லையென்றால் பெயிண்ட் கடையில் கொடுத்துவிடுங்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன், நட் உட்காரும் குழியையும், ஹப்பில் (காரில் வீல் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் பின்முகத்தையும் டேப் ஒட்டி மறைக்க மறக்காதீர்கள். அங்கே பெயிண்ட் தடிமனாக இருந்தால், ஓட ஓட நசுங்கி நட் தளரும். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய்ந்தபின் டயர் ஏற்றி, பேலன்ஸ் செய்து, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை முறுக்குங்கள். 50-100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.