பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் திறந்து பார்ப்போமா? – கேள்வி பதில்

ஹட்டனில் ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் பழுதுபார்ப்பவன் நான். பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் உள்ளே இருக்கும் வயர், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் சுருளும்), வொலியூம் பொட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதில்களைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. மலிவானதே போதும்.

பண்டாரவளை வாசகர்: மாஸ்டர், கொழும்பில் ஒரு பழைய கிட்டார் வாங்கினேன். தலையில் பெரிய அமெரிக்கக் கம்பனியின் பெயர் இருக்கிறது. அசல்தான் என்று விற்றவர் சத்தியம் செய்தார். உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். தலையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர்தான், அதை யாரும் ஒட்டலாம். தந்திகளைத் தளர்த்தி, முன் தட்டின் திருகாணிகளைக் கழற்றி, தட்டை மெதுவாகக் கவிழ்த்து வையுங்கள். எதையும் தொடுவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொட்களைப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார்களில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அகலமான உலோக மூடி இருக்கும். அதில் 1377633 என்பதுபோல ஏழு இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கும். 137 என்றால் சி.டி.எஸ். கம்பனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். அதாவது இந்தப் பொட் 1976 ஆம் ஆண்டின் 33 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பொட் மாற்றப்படாதிருந்தால், கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. பிந்தியதாக இருக்கலாம், ஏனென்றால் பொட்கள் தொழிற்சாலையில் நெடுநாள் கிடப்பதுண்டு. மாற்றினார்களா என்பதை வயர்களை ஒட்டியிருக்கும் ஈயம் (சோல்டர்) காட்டிக்கொடுக்கும். எல்லாப் பற்றும் மங்கியிருக்க ஒன்று மட்டும் பளபளத்தால், அங்கே பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

விரல் நுனி அளவான 16 மில்லிமீட்டர் பொட், அதில் பி500கே (B500K) என்ற எழுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்த சுவிட்ச், பிக்கப்பின் அடியில் ஒட்டிய கறுப்புச் செராமிக் காந்தக் கட்டை இவையெல்லாம் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஆசியாவில் செய்த சிக்கனமான கிட்டார். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், மூன்று நான்கு சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும். ஆசியாவில் செய்தது என்பதற்காக மனம் உடைந்துபோகவும் வேண்டாம். ஃபெண்டர் கம்பனியே 1982 இல் ஜப்பானில் கிட்டார் செய்யத் தொடங்கியது. அவற்றைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கண்டி வாசகர்: என் ஹம்பக்கரின் (இரட்டைச் சுருள் பிக்கப்பின்) அடியில் 2,737,842 என்ற காப்புரிமை எண் இருக்கிறது. தேடிப் பார்த்தால் அது கிட்டாரில் தந்திகளைத் தாங்கும் ஒரு பாலத்துக்கு (பிரிட்ஜ்) உரிய எண்ணாம். ஏமாந்துவிட்டேனா?

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிப்சன் கம்பனியே அறுபதுகளில் அந்த எண்ணைத்தான் ஒட்டியது. அது கிட்டார் கலைஞர் லெஸ் போலின் பாலத்துக்கான காப்புரிமை. சேத் லவர் கண்டுபிடித்த ஹம்பக்கருக்கு 1959 இல் கிடைத்த எண் 2,896,491. போட்டியாளர்களைத் திசைதிருப்பவே தவறான எண்ணை ஒட்டினார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. ஆனால், இந்த ஸ்டிக்கரை நகலெடுத்து இப்போதும் விற்கிறார்கள், ஆகவே எண் சரியாக இருப்பதும் அசலுக்குச் சாட்சி ஆகாது.

நுவரெலியா வாசகர்: என் கிட்டாரின் ஜாக்கில் (கேபிள் செருகும் துளையில்) வைத்து அளந்தால் கொழும்புக் கடையில் 5.86 கிலோ ஓம் காட்டியது. இங்கே வீட்டில் காலையில் 5.54 தான் வருகிறது. பஸ்ஸில் கொண்டுவரும்போது பிக்கப் அடிபட்டுவிட்டதா?

பிக்கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் ஊர்க் குளிர்தான் காரணம். பிக்கப்பில் சுற்றியிருப்பது தலைமுடியளவு மெல்லிய செப்புக் கம்பி. வெப்பம் ஒரு பாகை குறைந்தால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 0.39 சதவீதம் குறையும். கொழும்பில் 30 பாகை, உங்கள் வீட்டில் காலையில் 15 பாகை என்று வைத்தால் வித்தியாசம் ஆறு சதவீதத்துக்குக் கிட்ட வரும். உங்கள் கணக்கும் ஏறத்தாழ அதுதான்.

இன்னொன்று. ஜாக்கில் அளக்கும்போது வொலியூம் பொட்டும் பக்க இணைப்பாகச் சேர்ந்துகொள்ளும். 6 கிலோ ஓம் பிக்கப் 250 கிலோ ஓம் பொட்டுடன் சேர்ந்தால் 5.86 தான் காட்டும். வொலியூமை முழுதாகத் திறந்துவிட்டு அளக்க வேண்டும். பொதுவாகச் சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) 5.5 முதல் 7 வரை, சாதாரண ஹம்பக்கர் 7 முதல் 9 வரை, பலமாகச் சுற்றியவை 13 முதல் 16 வரை இருக்கும். பிக்கப்பின் வயரைக் கழற்றி நேரடியாக அளந்தும் மீட்டர் எல்லை தாண்டிக் காட்டினால்தான் கம்பி அறுந்தது என்று பொருள்.

தலவாக்கலை, தேவாலயத்தில் வாசிக்கும் ஒருவர்: அண்ணா, டிமார்சியோ கம்பனியின் பழைய ஹம்பக்கர் ஒன்று கிடைத்தது. வயரிங் படம் பார்த்து நானே ஈயம் வைத்தேன். தனியாக வாசித்தாலே மூக்கால் பாடுவதுபோல் ஒல்லியாக ஒலிக்கிறது.

தம்பி, நீங்கள் பார்த்தது சீமோர் டங்கன் என்ற வேறு கம்பனியின் படமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கறுப்பை சுவிட்சுக்கு, பச்சையை எர்த்துக்கு, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்து முடிந்திருப்பீர்கள். டங்கன் பிக்கப்புக்கு அது சரி. டிமார்சியோவில் சிவப்புத்தான் சுவிட்சுக்குப் போக வேண்டும், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும், பச்சையும் மூடாத (மேலுறை இல்லாத) வயரும் எர்த்துக்கு. டங்கன் முறையில் இணைத்தால் இரண்டு சுருளில் ஒன்று தலைகீழாகி, ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும். மீட்டரில் மின்தடை சரியாகவே காட்டும், அதனால் பலர் குழம்புவார்கள்.

இதைச் சரிசெய்த பிறகு, இரண்டு பிக்கப்பும் சேரும்போது மட்டும் ஒலி வற்றினால், அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கின்றன. முள் மீட்டரை பிக்கப்பில் இணைத்து, ஸ்க்ரூ டிரைவரைக் காந்தத் தலையில் வைத்துச் சட்டென்று இழுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். மாறித் துள்ளினால் ஒன்றின் சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். மூடாத வயர் மட்டும் எப்போதும் எர்த்திலேயே இருக்கட்டும்.

மஸ்கெலியா வாசகர்: வொலியூமைத் திருப்பினால் கரகரக்கிறது. மழைக் காலத்தில் இன்னும் மோசம்.

ஈரப்பதம் உள்ளே படிந்திருக்கிறது. மின்தொடர்புகளுக்கென்று விற்கும் கிளீனரைப் பொட்டின் இடுக்கில் கொஞ்சம் அடித்து, முனைக்கு முனை பலமுறை திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், இன்று சரியாகிப் பிறகு தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கம்பளை வாசகர்: டோன் பொட்டில் இருக்கும் சின்னக் கண்டென்சரை (மின்தேக்கியை) எடுத்துவிட்டு, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள எண்ணெய்க் காகிதக் கண்டென்சர் போட்டால் ஒலி இனிமையாகுமா?

விற்பவருக்கு இனிமையாக இருக்கும். டோனைத் தீர்மானிப்பது கண்டென்சரின் மதிப்பு. 223 என்று எழுதியிருந்தால் 22 க்குப் பின் மூன்று பூச்சியம், 22,000 பிகோஃபராட். 473 என்றால் 47,000. பின்னது டோனைக் குறைக்கும்போது ஒலியை இன்னும் மங்கலாக்கும். மதிப்பு ஒன்றாயிருந்தால் மலிவானதையும் விலை உயர்ந்ததையும் காதால் பிரித்தறிய முடியும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பணத்துக்குத் தந்தி வாங்குங்கள்.

ஹப்புத்தளை வாசகர்: வொலியூமைப் பாதியாக்கினால் சத்தத்தோடு சேர்ந்து கூர்மையும் போய்விடுகிறது.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். டோனுக்குப் போகும் வயர், வொலியூம் பொட்டில் பிக்கப் வந்து சேரும் காலில் (வயர் ஒட்டும் முனையில்) இருக்கும். அதைக் கழற்றி நடுக்காலில் வையுங்கள். ஐம்பதுகளில் கிப்சன் இப்படித்தான் இணைத்தது. கூர்மை பெருமளவு தங்கும். வொலியூமும் டோனும் ஒன்றையொன்று சற்றுப் பாதிக்கும், கை பழகிவிடும்.

போதாவிட்டால் பிக்கப் வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 1,000 பிகோஃபராட் கண்டென்சரையும் பக்க இணைப்பாக வையுங்கள். இரண்டையும் செத்துப்போன ரேடியோ போர்டிலிருந்தே எடுக்கலாம். ரெசிஸ்டரில் பழுப்பு, பச்சை, மஞ்சள் கோடுகள் இருக்கும். கண்டென்சரில் 102 என்று எழுதியிருக்கும்.

பதுளை மாணவி: ஐயா, அம்ப்ளிஃபயரைப் போட்டால் 'ம்ம்' என்று இரைகிறது. தந்தியில் கை வைத்தால் நின்றுவிடுகிறது. எர்த் வயர் அறுந்துவிட்டது என்று என் அண்ணன் சொல்கிறார்.

மகள், கை வைத்தால் நிற்கிறது என்றால் எர்த் வயர் நன்றாகவே இருக்கிறது. குறை, வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசத்தில்தான். கிட்டாரின் குழிக்குள் செப்புத் தாள் ஒட்டுவார்கள். அது கிடைக்காவிட்டால் சமையலறை அலுமினியத் தாளும் வேலை செய்யும். ஆனால் அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது. ஆகவே எர்த் வயரின் நுனியில் ஒரு வளையம் வைத்து, தாளின் மேல் சிறு திருகாணியால் முடுக்கிவிடுங்கள். தாளில் துண்டுக்குத் துண்டு மின்தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள், இடையில் பசை தடுத்துவிடும். ஜாக்கின் நுனித் தகடு தாளில் உரசினால் கிட்டார் ஊமையாகிவிடும், அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

கை வைத்தால் இரைச்சல் கூடினால் மட்டும் ஜாக்கின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பொகவந்தலாவை வாசகர்: திருவிழாவில் வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று ஷொக் அடிக்கிறது. தந்தியின் எர்த் வயரை வெட்டிவிட்டால் போதும் என்கிறார்கள்.

வெட்ட வேண்டாம், கோளாறைச் சரிசெய்யும்வரை அந்த இடத்தில் வாசிக்கவும் வேண்டாம். கோளாறு கிட்டாரில் இல்லை, அம்ப்ளிஃபயரிலோ மைக் செட்டிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. நம் தோட்டத்து லயன் வீடுகளிலும் தற்காலிக மேடைகளிலும் மூன்றாவது முள் இல்லாத பிளக், வெறும் வயரைத் துளையில் செருகிய இணைப்பு, எங்கும் போய்ச் சேராத எர்த் எல்லாம் சகஜம். 230 வோல்ட் உதட்டோடு விளையாடாது. மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தையும் டிரிப் சுவிட்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். தந்தியின் எர்த்தை வெட்டினால் கோளாறு அப்படியே இருக்கும், கூடவே இரைச்சலும் சேரும்.

இதோடு இன்னொன்றும் சொல்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய அம்ப்ளிஃபயர் வாங்கினால் பின்புறம் படியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் டிரான்ஸ்போர்மர் இல்லாமல் நம் மின்சாரத்தில் செருகக் கூடாது.

இராகலை வாசகர்: என் கிட்டாரில் 9 வோல்ட் பெட்டரி இருக்கிறது. வாசிக்காமலே தீர்ந்துவிடுகிறது.

வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா? அந்த ஜாக்தான் பெட்டரிக்கும் சுவிட்ச். கழற்றியும் தீர்ந்தால், யாரோ மூன்று கால் ஸ்டீரியோ ஜாக்கை எடுத்துவிட்டுச் சாதாரண ஜாக் வைத்து, பெட்டரியை நேரடியாக இணைத்திருக்கிறார்கள்.

வட்டவளை வாசகர்: ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பொட் வேண்டும் என்று வாங்கினேன். துளைக்குள் போகவில்லை.

பெரிய பொட்டின் கழுத்து 9.5 மில்லிமீட்டர், உங்கள் கிட்டாரின் துளை சிறிய பொட்டுக்கான 7 மில்லிமீட்டராக இருக்கும். மரத்தில் நேரடியாகத் துளைத்த கிட்டாரானால் டிரில்லைப் பிடிக்காதீர்கள், வார்னிஷ் சில்லுச் சில்லாகப் பெயரும். கூம்பு ரீமரைக் கையால் திருப்பித் திருப்பி அகட்டுங்கள். அதற்கு முன் பழைய பொட்டைக் கழற்றி ஒருமுறை அளந்து பாருங்கள். அதுவே 500 ஆக இருந்தால் புதியதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.