பெரியப்பாவின் மாத்திரை

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போன வருடம் பள்ளி திறந்த சமயத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இரவில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் தூங்கினாள். ஆனாலும் களைப்பே இல்லை. வாய் ஓயாத பேச்சு. தானே தலைமையாசிரியை என்று சொல்லிக்கொண்டு டீச்சர்களுக்கே உத்தரவு போட்டாள். பிறகு வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ‘நான் செத்துப்போனால் தேவலை’ என்றாள். மனநல மருத்துவர் பைபோலார் (மிதமிஞ்சிய வேகமும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) என்கிறார். ரிஸ்பெரிடோன் கொடுத்ததில் ஆட்டம் அடங்கியது. ஆனால் நான்கே மாதத்தில் 5 கிலோ ஏறிவிட்டாள். இப்போது லித்தியம் அல்லது வால்ப்ரோயேட்டுக்கு மாற்றலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். லித்தியம் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். (என் கணவரின் அண்ணனும் இளவயதிலிருந்து ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார். அவ்வப்போது ரத்தம் கொடுத்துப் பார்ப்பார், நன்றாகத்தான் இருக்கிறார். நாத்தனார் மகளுக்கு வரன் பார்ப்பதால் அதை எங்கும் மூச்சுவிடக் கூடாது என்பது மாமியார் உத்தரவு. மருத்துவர் கேட்டபோதும் என் கணவர் ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்று சொல்லிவிட்டார்.) எந்த மருந்தைக் கொடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: எந்த மருந்து என்பதை அப்புறம் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்திருப்பதை முதலில் வெளியே எடுங்கள்.

மருத்துவர் அந்தக் கேள்வியை ஒப்புக்குக் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் பைபோலாரைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். அமெரிக்காவில் 1994-95க்கும் 2002-03க்கும் இடையில் சிறுவர்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டுவது சுமார் 40 மடங்கு கூடியது. எரிந்து விழும் பிள்ளைகளுக்கெல்லாம் பைபோலார் என்று எழுதிவிடுகிறோமோ என்று சந்தேகம் வந்துதான், 2013இல் அங்கே அத்தகைய பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நோய்ப் பெயரையே சேர்த்தார்கள். அவ்வளவு வழுக்கலான இடம் அது. அங்கே மருத்துவர் ஊன்றி நிற்பதற்கு இருக்கும் ஒரு சில பிடிகளில் குடும்ப வரலாறும் ஒன்று. உங்கள் கணவர் அதைத் தட்டிவிட்டார். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சர்க்கரை யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தால் கொள்ளுத் தாத்தாவரை ஒப்பித்திருப்பீர்கள், இல்லையா?

இனி மருந்துக்கு வருகிறேன். 6 முதல் 15 வயது வரையிலான 279 அமெரிக்கப் பிள்ளைகளிடம் இந்த மூன்று மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. எட்டு வாரத்தில் ரிஸ்பெரிடோன் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 68 சதவீதம் பேர் தேறினார்கள். லித்தியத்தில் 36, வால்ப்ரோயேட்டில் 24. ஆகவே உங்கள் மருத்துவர் ரிஸ்பெரிடோனில் தொடங்கியதில் தப்பே இல்லை. எடை ஏறும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். ஆனால் அது ஊர்ப் பிள்ளைகளின் சராசரிக் கணக்கு. லித்தியம் யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பது ரத்த உறவுகளில் தொடர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மகளின் பெரியப்பா ஒரு மாத்திரையைச் சாப்பிட்டு இத்தனை வருடம் நன்றாக இருக்கிறார் என்றால், மருத்துவருக்கு அது பெரிய செய்தி. அது லித்தியமா, வேறா என்று நான் ஏன் ஊகிக்க வேண்டும்? அட்டையைத் திருப்பிப் படித்தால் தெரிந்துபோகிறது. ஒரே குடும்பத்தில் இருந்துகொண்டு ‘ஏதோ மாத்திரை’ என்று எழுதுகிறீர்களே!

அக்கம்பக்கத்தார் சொல்வது முழுப் பொய் இல்லை. லித்தியம் நாளடைவில் சிறுநீரகத்தையும் தைராய்டையும் தொடலாம். அதற்காகத்தான் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ரத்தத்தில் லித்தியம் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) பெரும்பாலும் 0.6க்கும் 1.2க்கும் இடையில் இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி, கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடியாடுவது, இவையெல்லாம் அந்த அளவை ஏற்றிவிடும். காய்ச்சலுக்கு இபுப்ரோஃபென் சிரப் கூடாது, அதுவும் ஏற்றும். கை உதறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இன்னொன்று: உடம்பில் உப்பு குறைந்தாலும் லித்தியம் ஏறும். நாளைக்கு உங்கள் மாமியார் நல்ல எண்ணத்தோடுதான் பேத்திக்கு உப்பில்லாப் பத்தியம் போடுவார். என்ன மாத்திரை, எதற்கு மாத்திரை என்று சொல்லாத வீட்டில் அவரைத் தடுப்பது யார்?

வால்ப்ரோயேட்டைப் பற்றி ஒன்றுதான். பெண் குழந்தை. இன்னும் சில வருடத்தில் பெரியவளாவாள். அந்த மருந்து மாதவிடாயைக் குழப்பக்கூடியது. பிற்காலத்தில் கர்ப்பம் தரிக்கும்போது சாப்பிட்டால் கருவைப் பாதிக்கக்கூடியது. பிரிட்டனில் 2018 முதல் சிறுமிகளுக்கும் இளம்பெண்களுக்கும் அதைக் கொடுக்கக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. இதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது உங்கள் கணவருக்கு. இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்கள் அண்ணனை மறைத்து யாரைக் காப்பாற்றினீர்கள்? அக்கா மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. தாய்மாமன் கடமை அது. ஆனால் அப்பன் கடமை அதற்கு முந்தியது. 9 வயதுப் பெண் ‘செத்துப்போனால் தேவலை’ என்று சொன்ன பிறகும் பெண் பார்க்க வருகிறவர்களின் முகத்தை நினைத்து மருத்துவரிடம் பொய் சொல்வது குடும்ப கௌரவம் ஆகாது. அவள் சோர்ந்து கிடக்கும்போது, பைபோலார்தானா என்ற தயக்கத்தில் ஒரு மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், அது அவளை மறுபடி அந்த உறக்கமில்லாத வெறிக்குத் தூக்கிப் போடக்கூடும். நீங்கள் சொன்ன ஒரு ‘இல்லை’ அவ்வளவு தூரம் போகும். (தாய்மாமன் சாப்பிடும் மாத்திரையைக் கேட்டு எழுந்து போகிற சம்பந்தி இப்போதே போகட்டும் என்பது என் கட்சி. அந்தச் சண்டையை உங்கள் அம்மாவிடம் நீங்கள் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.)

அம்மா, ‘செத்துப்போனால் தேவலை’ என்ற அந்த வார்த்தையை நீங்களும் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் இன்றே சொல்லுங்கள். சோர்வு நாட்களில் அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையும் பூட்டின அலமாரியில் இருக்க வேண்டும், பெரியப்பாவுடையதும் சேர்த்து. நள்ளிரவில் கை ஓடவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசுங்கள். எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயே இதுதானா என்ற சந்தேகம் இருந்தால் பெங்களூருவில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் சிறார் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

மாமியார் கோபிப்பார். கோபிக்கட்டும். நீங்கள் நேரே உங்கள் மைத்துனரிடம் போங்கள். இத்தனை வருடம் தன்னைப் பற்றி வீடே குசுகுசுத்ததைக் கேட்டு வாழ்ந்தவர் அவர். தம்பி மகளுக்காக ஒரு நாள் மருத்துவரிடம் உடன் வரச் சொன்னால் வருவார் என்றே நினைக்கிறேன். கேட்டுத்தான் பாருங்களேன், உங்கள் வீட்டில் யாராவது அவரை எதற்காவது கேட்டிருக்கிறீர்களா? அவர் வரும்போது மாத்திரை அட்டை மட்டும் போதாது, பழைய ஃபைலும் வேண்டும். முதலில் எந்த வயதில் வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.