மேனேஜர் சொன்ன ஜோக்

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தங்கை சொன்னாள் என்று அமெரிக்க ‘தி ஆபீஸ்’ தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். சிரிப்பு வரவில்லை, உடம்பு கூசுகிறது. பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். எங்கள் மேனேஜரும் தினம் காலையில் ஒரு ஜோக் சொல்வார். நாங்கள் சிரித்தாக வேண்டும். வேலையில் படுவது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்க வேண்டுமா? வடிவேலு என்றால் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வருகிறதே! இதில் கொடுமை, அந்த மேனேஜருக்கும் இந்தத் தொடர் ரொம்பப் பிடிக்குமாம். எப்படி அண்ணே?

— பெயர் வேண்டாம், மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள் என்றால் தொடர் உங்களைச் சரியாகப் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

வடிவேலுவிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் காண்டிராக்டர் நேசமணியும் வேலையிடத்து நகைச்சுவைதான். ஓயாமல் அதட்டுகிற ஒரு முதலாளி, சொன்னதைக் கெடுத்து வைக்கிற ஆட்கள். சுத்தியல் தவறி அவர் தலையில் விழுகிறது, நாம் சிரிக்கிறோம், கணக்கு அங்கேயே தீர்ந்தது. அந்தப் படம் வந்த அதே 2001இல்தான் பிபிசியில் அசல் ‘தி ஆபீஸ்’ வந்தது. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் எழுதி இயக்கியது. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனி, அதில் டேவிட் பிரென்ட் என்ற மேனேஜர். அவர் தலையில் சுத்தியல் விழுவதே இல்லை. ஒரு ஜோக் சொல்வார், யாரும் சிரிக்க மாட்டார்கள், அவருக்கு உறைக்காது, இன்னொன்று சொல்வார். பதிவுசெய்த சிரிப்பொலியும் கிடையாது என்பதால் அந்த அமைதி அப்படியே நிற்கும். அவர் பட வேண்டிய வெட்கத்தை அவர் படுவதில்லை. யாராவது பட்டாக வேண்டுமே, நாம் படுகிறோம்.

இதன் உச்சம் அமெரிக்கத் தொடரின் ஆறாவது சீசனில் இருக்கிறது. அதில் மேனேஜராக வரும் மைக்கேல் ஸ்காட் பத்து வருடத்துக்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளியை முடித்தால் உங்கள் கல்லூரிக் கட்டணம் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளும் நம்பிப் படித்துவிட்டார்கள். அவரை உட்கார வைத்து, ஆடிப் பாடி நன்றி சொல்கிறார்கள். அவரிடம் காசில்லை. கடைசியில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக ஆளுக்கொரு லேப்டாப் பேட்டரி தருகிறேன் என்கிறார். லேப்டாப் அல்ல, பேட்டரி! தீவிர ரசிகர்களிலேயே பலர் அந்த எபிசோடைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

சரி, அப்புறம் ஏன் பார்க்கிறோம்? கேமராவுக்காக என்பேன். ஒரு ஆவணப்படக் குழு அந்த அலுவலகத்தைப் படம்பிடிப்பது போலத்தான் தொடரே எடுக்கப்பட்டிருக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றதும் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், பின்னாலேயே டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள். யாராவது ஒருவர் மைக்கைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டு, அனைத்து முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளும் எடுக்கப்பட்டுள்ளன என்பார். அவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் வல்லத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். ‘அனைத்து’ என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றுவிடும். தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை கேமராவைப் பார்த்துவிட்டு மறுபடி கயிற்றுக்குப் போய்விடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு அந்தப் பேட்டியில் நினைவிருப்பது அவர் மட்டும்தான்.

தொடரில் ஸ்காட்டின் கீழே வேலை பார்க்கும் ஜிம் செய்வது இதையேதான். மேனேஜர் உளறுகிறார், எழுந்து போனால் வேலை போகும், சிரித்தால் மானம் போகும். பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுக்கவும் முடியாது. அதனால் கேமராவைப் பார்க்கிறார், அதாவது நம்மை. பார்த்தீர்களா என்கிறார். பொய்யான ஆவணப்படம் என்ற ஏற்பாடே அந்தப் பார்வைக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். உங்கள் அலுவலகத்தில் காலை ஜோக்குக்குச் சிரித்து முடித்ததும் நீங்கள் பார்ப்பதற்கு அப்படி யாரும் இல்லை. தொடரில் அந்த யாரோ நீங்கள்தான். வேலையில் படுவதையே வீட்டிலும் பார்க்கிறோம், உண்மை, ஆனால் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வேறு.

பிரென்ட்டோ ஸ்காட்டோ கெட்டவர்களும் அல்ல. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். எல்லாருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும் என்ற பசி, கையில் அதிகாரம். சம்பளம் கொடுக்கிறவர் அன்பையும் சேர்த்துக் கேட்டால் அங்கே யார்தான் நிம்மதியாக வேலை பார்க்க முடியும்?

உங்கள் மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே சிரித்திருப்பார். இந்தத் தொடரைப் பார்க்கிற யாரும் தன்னை மைக்கேல் ஸ்காட்டாக நினைத்துக்கொள்வதில்லை, எல்லாருமே ஜிம்தான். அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார், அந்த ஆள் சொல்லும் ஜோக்குக்கு இவர் சிரித்தாக வேண்டியிருக்கும். எழுத்தாளர் கூட்டங்களில் என் நகைச்சுவைக்குச் சிரிப்பவர்களைப் பற்றி நானும் இப்போது யோசிக்கிறேன், விடுங்கள்.

முதல் சீசனில் ஆறே எபிசோடுகள், அசலின் கசப்பு அப்படியே இருக்கும். இரண்டாவதிலிருந்து ஸ்காட்டைக் கொஞ்சம் இளக்கியிருப்பார்கள். அங்கிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். அசல் வேண்டுமென்றால் மொத்தமே 12 எபிசோடும் இரண்டு பாகமாக வந்த ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியும்தான். மேனேஜர் சேர்ந்து பார்க்கலாமா என்று கூப்பிட்டால் மட்டும் வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்