212 பேர் குழுவில் ஆறு பேர்

கேள்வி: ரத்ததானத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். 212 பேர் இருக்கிறார்கள். ‘ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவசரம்’ என்று போட்டால் நாற்பது கும்பிடு வரும், ஆள் வருவது ஆறு பேர். சம்பளமா கொடுக்கிறோம், அதட்டிக் கேட்க? ‘மாதத்தின் சிறந்த கொடையாளர்’ என்று பரிசு வைக்கலாமா? இதில் யார் அட்மின் என்று இரண்டு பேருக்குள் சண்டை வேறு.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, முதலில் ஒரு கணக்கு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரத்தம் கொடுக்கலாம், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் ஆறு பேரும் ஆண்களே என்றாலும் வருஷத்துக்கு 24 யூனிட்தான். அதற்காக மற்ற 206 பேரையும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது கும்பிடைப் பார்த்தவன், ‘அதான் இத்தனை பேர் இருக்காங்களே’ என்று போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறான். நானும் போயிருக்கிறேன்.

ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்தபோது என் மேஜையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி, எந்நேரம் கூப்பிடலாம் என்று நாலு கட்டம். காசிமேட்டுத் தம்பி ஒருவருக்கு ‘சாயங்காலம் 4க்கு மேல்’ என்று எழுதியிருப்பேன். விடியற்காலை மீன் ஏலத்தில் நின்றவர், தூங்கி எழுந்து வந்தால்தான் ஊசி போடுவோம். போனில் நான் சொல்வது இவ்வளவுதான்: “போன தடவை நீ குடுத்தது ஒரு பிரசவத்துக்குப் போச்சுப்பா. தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்க.” அடுத்த தடவை மச்சானையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

பரிசு வேண்டாம். ரத்தத்துக்குக் காசு வாங்குவது 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. காசு ஆசையில் மஞ்சள் காமாலை வந்ததை மறைத்துக் கொடுப்பார்கள் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். கேடயத்துக்கும் அதே ஆசை வரும்.

தலைமை விஷயத்துக்கு உங்கள் பக்கத்து பெரம்பூரையே பாருங்கள். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் அங்கேதான் பிறந்தது. தலைவர் பி.பி. வாடியா, அடையாறிலிருந்து வந்த பார்சிக்காரர். ஆனால் சாப்பாட்டுக்கு அரைமணி போதவில்லை என்று ஆலைத் தொழிலாளர்கள் புலம்பியதை அவருக்கு முன்பே உட்கார்ந்து கேட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். நாற்காலி யாருக்கு என்று அவர்கள் அடித்துக்கொண்டிருந்தால் சங்கம் ஏது?

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் இன்னொன்று சொன்னான். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், வாக்குவாதங்களில் சலித்துப்போய் 2018இல் தலைமையைவிட்டு விலகினாராம். வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை. அடுத்த ஆண்டு அந்த மொழியில் வேலை செய்பவர்களே ஓட்டுப் போட்டு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

சண்டை போடும் அந்த இருவரையுமே அட்மின் ஆக்கிவிடுங்கள். ஒருவர் நோட்டில் தேதி பார்க்கட்டும், மற்றவர் பெயர் சொல்லிப் போன் செய்யட்டும். மூன்று மாதம் கழித்து வேலையை மாற்றிக்கொள்ளட்டும். போன் செய்கிறவருக்குச் சண்டை போட நேரம் இருக்காது, என் அனுபவம்.

அது சரி, நீங்கள் கடைசியாக ரத்தம் கொடுத்தது எப்போது? கடிதத்தில் அதைக் காணோமே.