விஷம் பொறுக்கும், முடக்கம் பொறுக்காது

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: ஆர்.பி.ஜி. எனும் பாத்திரமேற்று ஆடும் வீடியோ ஆட்டங்களின் சண்டைகளில் ஸ்டேட்டஸ் எஃபெக்ட்களை, அதாவது விஷம், தீக்காயம், முடக்கம் போன்ற பாதிப்புகளைக் கையாளுவது

கேள்வி: போகிமான் போன்ற ஆட்டங்களில் என் அணியில் யாருக்கேனும் விஷம் ஏறினாலோ தீக்காயம் பட்டாலோ உடனே மருந்து கொடுத்துவிடுகிறேன். பை நிறைய மருந்து வைத்துக்கொண்டுதான் பெரிய சண்டைகளுக்குப் போகிறேன். இருந்தும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். எங்கே பிசகு நடக்கிறது?
– கல்லூரி மாணவர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: மருந்துக்குக் கடையில் கொடுத்த காசை மட்டும் கணக்கில் வைக்கிறீர்கள், அதைக் கொடுப்பதற்குச் செலவான ஒரு முறையை, அதாவது அடிக்க உங்களுக்கு வந்த ஒரு வாய்ப்பை, விட்டுவிடுகிறீர்கள். உங்கள் பக்கத்தில் கீழ்பவானி வாய்க்காலின் முறைத் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர்களிடம் கேட்டால், ஒரு முறை தவறிப்போவது என்றால் என்னவென்று சொல்வார்கள். மாறி மாறி அடிக்கும் சண்டையிலும் முறைதான் முதல். ஆகவே எந்தப் பாதிப்பு வந்தாலும், இது எனக்கு எத்தனை முறையைத் தின்னப்போகிறது, இதைத் தீர்க்க எத்தனை முறை செலவாகும் என்ற இரண்டையும் ஒப்பிட்ட பிறகே மருந்தை எடுக்க வேண்டும்.

போகிமானையே எடுத்துக்கொள்வோம். சாதாரண விஷம் ஒவ்வொரு முறையின் முடிவிலும் முழு உயிர்ப்புள்ளியில் எட்டில் ஒரு பங்கைக் குறைக்கும். வேறு அடி எதுவும் படாவிட்டால் நிறைந்த உயிரோடு இருப்பவர் விழ எட்டு முறைகள் ஆகும். மூன்று முறைகளில் முடிந்துவிடும் சண்டையில் அதற்கு மருந்து கொடுப்பது எதிரிக்கு ஓர் அடியை இலவசமாகத் தருவதாகும். கடும் விஷத்தின் கணக்கு வேறு. முதல் முறை பதினாறில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு பங்கு, பிறகு மூன்று பங்கு என்று அது ஏறிக்கொண்டே போகும். ஐந்து முறைகளில் பதினாறில் பதினைந்து பங்கு போய்விடும், ஆறாவதில் ஆள் இல்லை. முதல் இரண்டு முறைகளில் சாதாரண விஷத்தைவிட மோசமாகத் தெரியாததால்தான் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் அந்தப் போகிமானை வெளியே அழைத்துக்கொண்டு வேறொன்றை இறக்கினால் ஏற்றக்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்பதால், மருந்தே இல்லாமலும் சமாளிக்கலாம்.

தீக்காயம் இன்னும் நுட்பமானது. 2016-இல் வந்த சன், மூன் ஆட்டங்கள் முதற்கொண்டு அது முறைக்குப் பதினாறில் ஒரு பங்குதான் குறைக்கிறது. அதைப் பார்த்து அலட்சியப்படுத்தினால், நேரடித் தாக்குதல்களின் வலிமை பாதியாகக் குறைவது கண்ணில் படாமலே போய்விடும். கையாலும் பல்லாலும் தாக்குபவருக்குத் தீக்காயம் பட்டால், அதன் பிறகு அவர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அரை முறைதான். உடனே தீர்க்க வேண்டும். தீ, மின்சாரம் போன்றவற்றால் சிறப்புத் தாக்குதல் மட்டுமே செய்பவருக்குப் பட்டால் விட்டுவிடலாம். முடக்கமோ வேகத்தைப் பாதியாக்குவதோடு நான்கில் ஒரு முறை அசையவே விடாது. முந்திக்கொண்டு அடிப்பதையே நம்பியிருக்கும் ஆளுக்கு அதைவிடக் கேடு இல்லை.

பொதுவாக, பாதிப்பின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அது யார்மேல் விழுந்தது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வாள்வீரனின் மந்திரம் அடைபட்டால் அவன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருக்கட்டும். குணப்படுத்துபவருக்கு அதே கட்டு விழுந்தால் மற்ற எல்லோருக்கும் முன்பாக அவரை மீட்க வேண்டும். அவர் மீண்டால்தான் மற்றவர்கள் மீள முடியும்.

கேள்வி: பின்னலாடைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கிறேன். விடுமுறையில் மட்டும் ஃபைனல் ஃபேன்டஸி 10 ஆடுவேன். ககசெட் மலையில் சீமோரோடு நடக்கும் சண்டையில், எதிரி எங்கள் ஆள்மீது முழு உயிர் தரும் மந்திரத்தைப் போடுகிறான், ஆள் இறந்துவிடுகிறார். இது ஆட்டத்தின் கோளாறா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கோளாறு இல்லை, 2001-இல் வந்த அந்த ஆட்டத்திலேயே மிக நேர்த்தியாக வகுக்கப்பட்ட பொறி அது. முதலில் சீமோர் ஒரு ஈட்டித் தாக்குதலால் உங்கள் ஆளை ஸாம்பி நிலைக்குத் தள்ளுகிறான். அந்த நிலையில் இருப்பவருக்குக் குணமாக்கும் மந்திரமெல்லாம் காயமாக மாறும். அடுத்து அவன் முழு உயிர் தரும் மந்திரத்தைப் போட்டால் அது முழுச் சாவு. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஸாம்பி நிலையைத் தீர்க்கும் ஹோலி வாட்டர் கொடுத்துவிட வேண்டும். முன்பு சொன்ன சிக்கனமெல்லாம் இந்த இடத்தில் செல்லாது; ஒரு முறையைச் செலவழித்து ஓர் உயிரைக் காப்பது நல்ல பேரம். திரையின் ஓரத்தில் அடுத்து யார், அதற்கடுத்து யார் என்ற வரிசை தெரிகிறது அல்லவா, அடிக்கும் முன் அதைப் பார்த்துப் பழகுங்கள். அவனுக்கு முன் உங்களில் யார் வருகிறாரோ அவர் கையில்தான் அந்தப் புட்டி இருக்க வேண்டும். ஸாம்பி நிலையைத் தடுக்கும் கவசம் இருந்தால் அந்த ஒரு முறையும் மிச்சம். தடுப்புக் கவசங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எப்போதுமே உயிரைக் குறைப்பவற்றைவிட முறையைப் பறிப்பவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

கேள்வி: எல்டன் ரிங்கில் சேற்றில் கால் வைத்ததும் விஷத்தின் அளவைக் காட்டும் ஒரு பட்டை திரையில் ஏறுகிறது. அது நிறைவதற்குள் மருந்து சாப்பிட வேண்டுமா?
– பொறியியல் மாணவர், பெருந்துறை

பதில்: பட்டை நிறையும்வரை உங்களுக்கு எதுவும் ஆகவில்லை. சேற்றை விட்டு மேட்டில் ஏறினால் அது தானாகவே இறங்கிவிடும். எனவே பதற்றப்படாமல் மேட்டுக்கு மேடு தாவிப் போவதே முதல் வைத்தியம். விகர் என்ற பண்பை உயர்த்தினால் விஷத்தையும் ஸ்கார்லெட் ராட் என்னும் அழுகலையும் தாங்கும் திறன் கூடும். நிறைந்தே விட்டால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதை மறக்க வேண்டாம். விஷத்துக்கான உருண்டை அழுகலைத் தீர்க்காது. அழுகல் உயிரை வேகமாக அரிப்பதால் அதற்கான உருண்டைகளைத் தனியே சேமித்து வையுங்கள். அதே பட்டை எதிரிக்கும் உண்டு. இரத்தப்போக்கு ஆயுதத்தால் விடாமல் அடித்தால்தான் அது நிறையும். இடைவெளி விட்டால் இறங்கிவிடும், ஒவ்வொரு தடவை நிறைந்த பிறகும் அடுத்ததற்குக் கூடுதல் அடி தேவைப்படும்.

கேள்வி: பாஸ்கள் எனும் பெரிய எதிரிகள்மேல் எந்தப் பாதிப்பும் பலிக்காது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த மந்திரங்களைக் கற்பதே வீண்தானே?
– பத்தாம் வகுப்பு மாணவர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, ஒன்றிரண்டு ஆட்டங்களை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட்டார்கள். 2017-இல் வந்த டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 ஆட்டத்தில் உடற்கவசம் தீர்ந்தால் எதிரியைக் கீழே தள்ளலாம், மந்திரக் கவசம் தீர்ந்தால் உறையச் செய்யலாம். அணியில் பாதிப் பேர் வாளாலும் பாதிப் பேர் மந்திரத்தாலும் அடித்துக்கொண்டிருந்தால் இரண்டு கவசமும் பாதியில் நிற்கும், எதுவும் பலிக்காததுபோலத் தோன்றும். எல்லோரும் ஒரே கவசத்தைக் குறிவைத்தால் நிலைமை மாறும். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் எதிரியை அசையவிடாமல் கட்டிப்போடும் ஹோல்டு பர்சன் மந்திரம் மனித உருவம் கொண்டவர்கள்மேல் மட்டும் வேலை செய்யும். கட்டுண்டவரை மூன்று மீட்டருக்குள் நின்று அடித்துப் பட்டுவிட்டால் அது கூடுதல் சேதம் தரும் கிரிட்டிக்கல் அடியாகவே அமையும். ஆனால் அவர் தன் முறை முடியும்போதெல்லாம் விடுபட முயல்வார். மந்திரம் போட்டவர் அடிபட்டால் கவனம் சிதறாமல் காக்கும் பகடைச் சோதனையில் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அதை எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே மந்திரவாதியைப் பின்னால் மறைத்து நிறுத்திவிட்டு, கட்டுப்போட்ட உடனே மற்ற மூவரும் பாய வேண்டும். சில நல்ல அடிகளில் பாதிச் சண்டை முடிந்திருக்கும்.

கேள்வி: தலைக்குமேல் தோன்றும் சின்னங்கள் எதைக் குறிக்கின்றன என்று நினைவில் நிற்பதில்லை. மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: தேவையில்லைங்க. முறை வைத்து நடக்கும் பெரும்பாலான ஆட்டங்களில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரி காத்திருப்பான். பால்டர்ஸ் கேட் 3-ஐக் கணினியில் ஆடுகிறீர்களானால், ஒருவர்மேல் சுட்டியை வைத்து டி விசையை அழுத்தினால் அவருக்கு என்ன பாதிப்பு, இன்னும் எத்தனை முறைகள் நீடிக்கும் என்ற விவரம் எழுத்திலேயே வரும். ஒவ்வொரு சண்டையின் தொடக்கத்திலும் எதிரிகளையும் அப்படியே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்தப் பாதிப்பு அவர்களை அண்டாது என்பதும் அங்கேயே இருக்கும்.