டைஸ் சொன்னா சொன்னதுதான்

கேள்வி: நாங்க டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடறோம், ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தற ஆட்டம். கதையை நடத்தற எங்க கேம் மாஸ்டர் மறைப்புக்குப் பின்னாடி டைஸ் உருட்டி, யார் கேரக்டரும் சாகக்கூடாதுன்னு நம்பரை மாத்திச் சொல்றார்னு தெரிஞ்சுபோச்சு. இது போங்காட்டம்தானே?

பதில்: போங்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க, இந்த ஆட்டத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் 1979ல கேம் மாஸ்டர்களுக்காக எழுதின புக்லயே தேவைப்பட்டா டைஸ் முடிவை ஒதுக்கலாம்னு இடம் குடுத்திருக்கார். ஆனா எனக்கு சுத்தமா பிடிக்காது. இருபது பக்க டைஸ்ல எந்த நம்பருக்கும் 5 சதவீதம்தான் சான்ஸ், அதனாலதான் 20 விழுந்தா மொத்த டேபிளும் கத்துது, 1 விழுந்தா தலைல கை வைக்குது, அது நிஜமா விழுந்ததா இல்ல அவர் மனசு வச்சு குடுத்ததான்னு ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா அப்புறம் யாரு கத்துவா? அதுவும் இப்ப இருக்கற அஞ்சாவது எடிஷன்ல சாகறது ஒண்ணும் அவ்ளோ சுலபம் இல்ல. உயிர் பாயின்ட் 0 ஆனாலும் பெரும்பாலும் மயக்கம்தான், அப்புறம் ஒவ்வொரு டர்னும் ஒரு டைஸ், 10 இல்ல அதுக்கு மேல விழுந்தா பாஸ், மூணு பாஸ் வந்தா பொழைச்சாச்சு, மூணு ஃபெயில்னாதான் சாவு, நடுவுல யாராவது ஓடிவந்து வைத்தியம் பார்த்தா எந்திரிச்சிடலாம். இதுக்கு மேலயும் காப்பாத்தணும்னா எதிரி சிறைபிடிச்சிட்டுப் போகட்டுமே, அதுல புதுக் கதையே கிடைக்கும். முடிவை ஏத்துக்க மனசில்லாத இடத்துல டைஸையே எடுக்கக் கூடாதுங்கறது என் கட்சி. ஆட்டத்துக்கு நடுவுல சண்டை போடாம, தனியா கூப்பிட்டு "இனிமே எல்லார் முன்னாடியும் உருட்டுங்க, செத்தா சாகறோம்"னு சொல்லிப் பாருங்க.

கேள்வி: எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. குரல் மாத்தி நடிக்கணுமா?

பதில்: வேணாம். "என் ஆளு காவல்காரன்கிட்ட பொய் சொல்லி உள்ள போகப் பாக்கறான்"னு சொன்னாலே போதும், அதுவும் ரோல்பிளேதான், அதாவது கேரக்டரா நடிக்கறதுதான். 2015ல ஆரம்பிச்ச கிரிட்டிக்கல் ரோல் மாதிரி ஷோ பாத்துட்டு பயப்படறீங்கன்னு நினைக்கறேன், அதுல ஆடறவங்க தொழில்முறை டப்பிங் கலைஞர்கள்ங்க, அவங்களோட ஏன் போட்டி?

கேள்வி: கடைசில யார் ஜெயிப்பா?

பதில்: யாரும் இல்ல. கேம் மாஸ்டரைத் தோக்கடிக்கணும்னு வர்றவரு ரெண்டு செஷன்ல போரடிச்சுப் போயிடுவார்.

கேள்வி: வாளும் டிராகனும் அலுத்துப்போச்சு. வேற என்ன ஆடலாம்?

பதில்: 1981ல வந்த கால் ஆஃப் கத்துலு இருக்கே, அதுல நீங்க வீரன் இல்ல, நூலகர், டாக்டர், பத்திரிகைக்காரர் மாதிரி சாதாரண ஆளு, துப்பு தேடிப் போகப் போக புத்தி பேதலிக்கும், புத்தி எவ்ளோ தெளிவா இருக்குன்னு காட்டவே தனியா ஒரு மார்க் உண்டு. உங்க திறமை 60னா நூத்துக்குள்ள உருட்டி 60 இல்ல அதுக்குக் கீழ விழணும், அவ்ளோதான் கணக்கு. கேம் மாஸ்டரா உக்கார ஆளே கிடைக்கலைன்னா ஃபியாஸ்கோ ஆடுங்க. அதுல அந்தப் பதவியே கிடையாது, ஒரே ராத்திரில கதை முடிஞ்சிடும், பாதிப் பேர் உருப்படாம போறதுதான் அதுல ஜாலியே.